கதை முடிந்த பிறகு மின்னூலில் எதை, எந்த வரிசையில் வைப்பது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவல், சுமார் 60,000 சொல். கிண்டிலில் நானே வெளியிடப் போகிறேன். நன்றியுரை, வட்டாரச் சொல் அகராதி, ஆசிரியர் குறிப்பு, என் மற்ற நூல்கள்: பின்னிணைப்பை எப்படி அடுக்குவது?

பதில்: அச்சு நூலின் வரிசையை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். அச்சில் கதை முடிந்ததும் அகராதி வரும். வாசகர் புரட்டித் தாண்டிவிடுவார். கைப்பேசியில் அதே அகராதி பதினைந்து இருபது திரை ஓடும். அதற்குப் பின்னால் நிற்கும் உங்கள் அடுத்த நூலை யாரும் எட்டமாட்டார்கள். அகராதிக்கு வாசகர் இணைப்பைத் தொட்டுத்தான் போகிறார் என்பதால், அது கடைசியில் இருந்தால் நஷ்டமில்லை.

நான் சொல்லும் வரிசை: 'முற்றும்', அடுத்த பக்கத்தில் மதிப்புரை கேட்டு இரண்டு வரி, மற்ற நூல்கள், ஆசிரியர் குறிப்பு, நன்றி, கடைசியாக அகராதி. மதிப்புரைக்குப் பரிசு தருவதாக எழுதக் கூடாது. வேறு விற்பனைத் தளத்துக்கு இணைப்புக் கொடுப்பதையும் கிண்டில் ஏற்காது.

அணிந்துரை, வாழ்த்துரை என்று முன்னால் அடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கிண்டில் தரும் இலவச மாதிரி என்பது, நூலின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 10 சதவீதம். உங்கள் நூலுக்கு அது 6,000 சொல். உரைகளே 4,000 சொல் போனால், வாங்கலாமா என்று பார்க்க வந்தவருக்குக் கதை 2,000 சொல்தான் கிடைக்கும். அவற்றையும் நன்றிக்கு அடுத்துத் தள்ளுங்கள்.

அகராதிக்குத்தான் மெனக்கெட வேண்டும். டெல்டாச் சொற்கள் மற்ற ஊர்க்காரரைச் சுலபமாக ஏமாற்றும். 'போர்' என்றால் சென்னை வாசகருக்குச் சண்டை. உங்கள் கதையில் அது வைக்கோல் போராகவோ ஆழ்துளைக் கிணறாகவோ இருக்கலாம். 'மா' மாமரமாகிவிடும். விளக்கம் கையில் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும்:

மா: நில அளவு. 100 குழி. ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். 20 மா ஒரு வேலி.
தாளடி: குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் இரண்டாம் போகம்.

'ஒரு வகை நெல் சாகுபடி' என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். 'பக். 43' என்று பக்க எண்ணும் வேண்டாம். எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமே மாறிவிடும்.

அகரவரிசையைக் கணினியை நம்பி விடாதீர்கள். சில கருவிகள் யூனிகோடு எண்ணை, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணை, வைத்தே அடுக்கும். அதில் புள்ளி கடைசியில் இருப்பதால் 'பதர்' முன்னாலும் 'பத்தாயம்' பின்னாலும் வரும். நம் வரிசையில் பத்தாயம்தான் முதல். அதில் 'ன' எழுத்து 'ல'வுக்கு முன்னால் இருப்பதால் 'கன்னி' வாய்க்கால் 'கலம்' என்பதற்கு முன்னால் ஏறி உட்காரும். ஐம்பது அறுபது சொல்தானே, கையாலேயே அடுக்கிவிடலாம்.

வேர்டில் அகராதிச் சொல்லைத் தேர்ந்தெடுத்து இன்சர்ட், புக்மார்க் போய்ப் பெயர் கொடுங்கள். பெயரில் இடைவெளி கூடாது. பிறகு கதையில் அந்தச் சொல் முதலில் வரும் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஹைப்பர்லிங்க் வழியாக அந்தப் புக்மார்க்கோடு இணையுங்கள். முழுச் சொல்லையும் இணைப்பாக்குங்கள். பக்கத்தில் சின்ன எண் போட்டால் விரலுக்கு அகப்படாது. ஒரு சொல்லுக்கு நூல் முழுவதிலும் ஒரே இணைப்பு போதும். மூன்று இடத்தில் கொடுத்துவிட்டு அகராதியில் கதைக்குத் திரும்பிப் போக ஒரே ஒரு 'திரும்ப' இணைப்பு வைத்தால், 20ஆம் அத்தியாயத்திலிருந்து வந்தவர் 2ஆம் அத்தியாயத்தில் போய் விழுவார்.

சொல்லைத் தொட்டால் பொருள் வரும் என்று முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு வரி போட்டுவிடுங்கள். பின்பகுதித் தலைப்புகளுக்கும் ஹெடிங் 1 கொடுத்தால்தான் அவை பொருளடக்கத்தில் ஏறும். புதுப் பக்கத்துக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் பேஜ் பிரேக் போடுங்கள். இல்லாவிட்டால் சின்னத் திரையில் வெற்றுப் பக்கங்கள் வரும், நூல் முடிந்தது என்று வாசகர் மூடிவிடுவார்.

ஏற்றுவதற்கு முன் கிண்டில் பிரிவ்யூவர் என்ற முன்னோட்ட மென்பொருளில் கைப்பேசி அளவை வைத்து ஒவ்வொரு இணைப்பையும் போகவும் திரும்பவும் தொட்டுப் பாருங்கள்.