வீட்டை வித்து வண்டி வாங்கலாமான்னு கேட்ட கோயம்புத்தூர் அக்காவுக்கு

கேள்வி: வணக்கம் தம்பி. எனக்கு 57, வீட்டுக்காரருக்கு 61, பம்பு கம்பெனில வேலை பார்த்து போன வருஷம் ரிட்டயர் ஆனார். ஒரே பொண்ணு, கல்யாணம் ஆகி பெங்களூர்ல இருக்கா. வடவள்ளியில 2004ல இடம் கட்டடம் எல்லாம் சேர்த்து 14 லட்சத்துக்கு முடிச்ச சொந்த வீடு, இப்ப 95 லட்சத்துக்கு கேக்கறாங்க, வாடகைக்கு விட்டா மாசம் 18,000 வரும். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 52 லட்சம் எஃப்டியில இருக்கு, பிஎஃப் பென்ஷன் மாசம் 3,900. 45 பவுன் நகை, ஒரு பழைய கார். இவர் ராத்திரி பூரா மோட்டார் ஹோம் வீடியோ பார்த்துப் பார்த்து இப்ப வீட்டை வித்துட்டு வண்டிலயே மூணு வருஷம் இந்தியா பூரா சுத்தலாம்ங்கறார். 2017 மாடல் டிராவலர் வண்டி ஒண்ணு ஒன்பதரை லட்சம், அதை வீடு மாதிரி மாத்த 13 லட்சம்னு கொட்டேஷன் வாங்கி வச்சிருக்கார். எனக்கும் ஆசைதான், ஆனா பயமா இருக்கு. வீட்டுச் சாமானை எல்லாம் என்ன பண்றது, என் கொலு பொம்மை மட்டும் மூணு டிரங்கு பெட்டி இருக்கு?

பதில்: வணக்கம் அக்கா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ஏன்னா இந்த மாதிரி ஆசையோட வர்றவங்க பாதிப்பேரு வண்டி கலர் வரைக்கும் முடிவு பண்ணிட்டு கடைசியா "காசு எப்படிங்க"ன்னு கேப்பாங்க, நீங்க காசுல ஆரம்பிச்சிருக்கீங்க. நேரா சொல்லிடறேன், போங்க, ஆனா வீட்டை விக்காதீங்க. வண்டி வாங்குறது தப்பு இல்ல, வீட்டை வித்து வாங்குறதுதான் தப்பு.

ஏன்னு கணக்கா பார்த்துடலாம். 14 லட்சத்து வீட்டை 95க்கு வித்தா லாபம் 81 லட்சம், அதுக்கு பன்னிரண்டரை பர்சன்ட் வரி போட்டா 10 லட்சத்து 12 ஆயிரத்து சொச்சம். 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின சொத்துங்கறதால பழைய முறையில விலைவாசி குறியீடு போட்டு 20 பர்சன்ட்டும் பார்க்கலாம், 2004-05க்கு 113, 2025-26க்கு 376, அப்படி ஏத்துனா உங்க 14 லட்சம் 46 லட்சத்து 58 ஆயிரம் ஆகுது, வரி 9 லட்சத்து 68 ஆயிரம். எதுல குறைவோ அது, வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுறதால மேல 10 பர்சன்ட் சர்சார்ஜ், அதுக்கு மேல 4 பர்சன்ட் செஸ், ஆக மொத்தம் 11 லட்சம்னு வைங்க. புரோக்கருக்கு ஒரு லட்சமாவது போகும். சரி, மூணு வருஷம் சுத்திட்டு முட்டிவலியோட திரும்பி வர்றீங்க, அதே வடவள்ளியில அதே மாதிரி வீடு வாங்கணும், விலை ஏறவே இல்லைன்னே வச்சுக்குவோம், முத்திரைத்தீர்வை மட்டும் 7 பர்சன்ட், ஆறரை லட்சத்துக்கு மேல, பதிவுக் கட்டணம் தனி, மறுபடி புரோக்கர். கூட்டிப் பாருங்க, வித்து வாங்குற போக்குவரத்துலயே 20 லட்சத்துக்கு மேல காலி, அது நீங்க கேக்கற வண்டியோட விலை! மூணு வருஷத்துல வீட்டு விலை எவ்வளவு ஏறும்னு நான் இன்னும் பேசவே இல்ல.

"ரெண்டு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கினா வரி இல்லியாமே"ன்னு சார் கேப்பார். உண்மைதான், ஆனா அதுவரைக்கும் அந்த லாபத்தை கேபிடல் கெயின்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வைக்கணும், அதுல இருந்து எடுத்து வண்டி வாங்க முடியாது, வண்டியை எவ்வளவு வீடு மாதிரி மாத்தினாலும் வருமான வரிக்காரங்களுக்கு அது வண்டிதான். 54இசி பாண்ட்னு அரசு நிறுவனங்க வெளியிடற கடன் பத்திரத்துல 50 லட்சம் வரை போட்டும் வரியைக் குறைக்கலாம், அஞ்சு வருஷம் கையை வைக்க முடியாது, வட்டி அஞ்சே கால் பர்சன்ட் பக்கம். உங்களுக்கு அது சரிப்படாது.

அதனால வீட்டை வாடகைக்கு விடுங்க. அந்தப் பக்கம் 18,000 வரும்னு நீங்களே எழுதியிருந்தீங்க, வீட்டு வரி, சின்னச் சின்ன ரிப்பேர் கழிச்சு 16,500ன்னு எடுத்துக்கறேன். அக்ரிமெண்ட்டை எழுத்துல போட்டு ரென்ட் அத்தாரிட்டிகிட்ட பதிவு பண்ணிடுங்க, "தெரிஞ்ச பையன்தான், வாய்ப்பேச்சு போதும்"னு விட்டுட்டுப் போயி ஹிமாச்சல் மலையில ஸ்பிட்டில உக்காந்துக்கிட்டு வாடகை வரலைன்னு போன் பண்ற கஷ்டம் வேண்டாம். வீடு இருக்கறதால இன்னொரு சௌகரியம், ஆதார், ஆர்சி புக், பேங்க் கேஒய்சி, ரேஷன் கார்டு எல்லாத்துக்கும் ஒரு அட்ரஸ் வேணுமில்லங்க, ரோட்டுக்கு அட்ரஸ் கிடையாது.

52 லட்சத்துல 30 லட்சத்தை சார் பேர்ல சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போடுங்க, ஒரு ஆளுக்கு அதான் உச்சவரம்பு, இப்போதைக்கு 8.2 பர்சன்ட், மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 வரும், அதாவது மாசம் 20,500. வாடகையும் பென்ஷனும் சேர்த்தா கிட்டத்தட்ட 41,000. இது உங்க சம்பளம்னு நினைச்சுக்கங்க, இதுக்குள்ளதான் ஓடணும். பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட்டுக்கு ஊருக்கு ஓடி வர வேண்டாம், போன்லயே முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் கொடுத்துடலாம், கொடுத்த தேதியில இருந்து ஒரு வருஷம் செல்லும்.

இப்ப ரோட்டுச் செலவு. மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடுனா, இந்த வண்டி ஏசி போட்டு சாமான் ஏத்தி லிட்டருக்கு 10 கொடுத்தாலே பெரிசு, 150 லிட்டர், 93 ரூபாய்னு வச்சா 14,000. டோல் 3,000. சமைச்சு சாப்பிட்டா 12,000. நடுவுல ரூம், பார்க்கிங் 5,000. வண்டி சர்வீஸ், டயருக்குன்னு ஒதுக்க 5,000, இன்சூரன்ஸ் மாசக் கணக்குல 3,000, உங்க ரெண்டு பேர் மெடிக்கல் இன்சூரன்ஸ் 4,500, மாத்திரை மருந்து 2,500, போன் 1,000. ஆச்சு 50,000. மாசம் 9,000 இடிக்குது. ஆனா பாருங்க, 1,500க்கு பதிலா 800 கிலோமீட்டர் ஓட்டுனா டீசல்ல ஆறாயிரத்து ஐநூறு, டோல்ல ஆயிரத்து ஐநூறு மிச்சம், 42,000க்கு வந்துடும். ஒரு ஊர்ல பத்து நாள் தங்கி, சந்தைக்குப் போயி காய் வாங்கி, அக்கம்பக்கம் பஸ்ல சுத்துறவங்களுக்கு இந்த வாழ்க்கை கட்டுப்படியாகும், தினமும் 200 கிலோமீட்டர் ஓட்டி ரீல்ஸ் போடுறவங்களுக்கு கட்டுப்படியாகாது. டோலுக்கு 2025 ஆகஸ்ட்ல வந்த வருஷ பாஸ் இருக்கேன்னு சார் நினைக்கலாம், அது சொந்த கார், ஜீப், வேனுக்கு மட்டும், உங்க வண்டி ஃபாஸ்டேக்ல மினிபஸ் கிளாஸ்ல இருந்தா கிடைக்காது, மொதல்ல அதைப் பாருங்க.

வண்டிக்கு வர்றேன். மொத்தம் 16 லட்சம், அதுக்கு மேல ஒரு ரூபா கூட வேண்டாம். வண்டி ஒன்பதரை, உள் வேலை ஆறரை. 13 லட்சம் கொட்டேஷனைப் பார்த்தேன், அதுல 43 இன்ச் டிவி, கரண்ட்ல மடங்குற சோபா, கூரை ஏசி, அதுக்கு லித்தியம் பேட்டரின்னு அடுக்கியிருக்காங்க. ஏசி விஷயம் மட்டும் கொஞ்சம் நிதானமா கேளுங்க. 12 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒண்ணுல இருக்கறது ஒண்ணேகால் யூனிட் கரண்ட். ஒரு டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓட அஞ்சாறு யூனிட் வேணும், அப்ப பேட்டரி அஞ்சு வேணும், அதை மறுபடி சார்ஜ் பண்ண கூரை மேல 400 வாட் சோலார் வச்சா நல்ல வெயில்லயே ஒரு நாளைக்கு ஒண்ணரை யூனிட் சொச்சம்தான் வரும். அதாவது ஒரு ராத்திரி ஏசி போட்டா மூணு நாளைக்கு மேல வெயில்ல நிக்கணும்! ஃபேன், லைட்டு, போன் சார்ஜ், சின்ன ஃபிரிட்ஜ், இதுக்கு ரெண்டு பேட்டரி தாராளம். ஏசி வேணுங்கற ராத்திரி லாட்ஜ்ல ரூம் போட்டுட்டு நல்லா குளிச்சுட்டு தூங்குங்க, அதுக்குத்தான் அந்த அஞ்சாயிரம்.

இன்னொண்ணு எடை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டு மாடுலர் கிச்சன் ஆசாரியை வச்சே வண்டிக்குள்ள வேலை செஞ்சார், 19 எம்எம் பிளைவுட், கிரானைட் மேடை. மொத ஸ்பீடு பிரேக்கர்லயே எல்லா டிராயரும் தொறந்து மிளகாய்த்தூள் டப்பா படுக்கை மேல கவுந்துச்சு, மூணாவது மாசம் மேல் கப்போர்டு ஸ்குரூவோட பிடுங்கிட்டு வந்துச்சு. மெல்லிசான பலகை போடச் சொல்லுங்க, ஒவ்வொரு கதவுக்கும் அழுத்தித் திறக்கற லாட்ச் இருக்கணும். தண்ணி 100 லிட்டர்னா 100 கிலோ, மறந்துடாதீங்க. வேலை முடிஞ்சதும் தண்ணி, சிலிண்டர், துணி எல்லாம் ஏத்தி எடை மேடையில ஒரு தடவை நிறுத்துங்க, ஆர்சில போட்டிருக்கற மொத்த எடையைத் தாண்டக் கூடாது. சிலிண்டர்னதும் சொல்றேன், வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை ஏத்தாதீங்க, பெட்ரோல் பங்க்ல அட்ரஸ் புரூஃப் கேக்காம கிடைக்கற 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கு.

பேப்பர் வேலைதான் நிறையப் பேரு கோட்டை விடுறது. சீட்டைக் கழட்டி கட்டில் போட்டா அது வண்டியை மாத்துனதுதான், ஆர்டிஓ கிட்ட அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும், இல்லாட்டி சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் கூட. அதைவிடப் பெரிசு, ஆர்சில ஏறாத வண்டி எங்கயாவது மோதினா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். மோட்டார் கேரவனுக்குன்னே ஏஐஎஸ் 124னு ஒரு தர விதி இருக்கு, அதுபடி செஞ்சு கொடுத்து ஆர்சி மாத்தித் தர்றது உங்க பொறுப்பான்னு பட்டறைக்காரர்கிட்ட எழுதி வாங்குங்க, வாங்கிட்டு மொத்தக் காசுல 15 பர்சன்ட்டை ஆர்சி கைக்கு வந்த பிறகுதான் கொடுக்கணும். என்கிட்ட வர்ற ஒருத்தர் 80 பர்சன்ட் அட்வான்ஸ் கொடுத்துட்டு ஏழு மாசம் வண்டியைப் பார்க்க பட்டறைக்கு நடந்தார். அப்புறம் அந்த 2017 வண்டி டூரிஸ்ட்டா ஓடுனதா, மஞ்சள் போர்டான்னு கேட்டுக்கங்க, அப்படின்னா பெர்மிட் சரண்டர், வரி பாக்கி, வெள்ளை போர்டுக்கு மாத்துறதுன்னு தனிச் செலவு, அதை விலையில குறைக்கணும். டெல்லி பக்கம் பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கு எப்பவும் தகராறு, கோர்ட்டுல மாறி மாறி உத்தரவு வருது, உங்க வண்டிக்கு 2027ல பத்து ஆயிடும், அதனால டெல்லியை ரயில்ல பாருங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும்னு உங்களுக்கே தெரியும்.

ஆக 30ம் 16ம் போக 6 லட்சம் மிச்சம், பழைய காரையும் வித்துடுங்க, அது சொந்த உபயோகத்து வண்டி, வித்தா வரி இல்ல. அந்தக் காசும் சேர்த்து அவசரத்துக்குன்னு தனி எஃப்டி, சார் அதைத் தொடக்கூடாது, சோலார் பேனல் ஆஃபர்ல வந்தாலும் தொடக்கூடாது.

சாமானுக்கு வர்றேன், உண்மையைச் சொன்னா இதுதான் கஷ்டம். எங்க மாமியார் வீட்டைக் காலி பண்ணப்ப ஒரு பித்தளை அண்டா முன்னாடி மூணு பேரு ஒரு சாயங்காலம் பூரா உக்காந்திருந்தோம், யாரும் அதுல தண்ணி பிடிச்சு இருபது வருஷம் ஆச்சு, ஆனா அதுல பாட்டி பேரு வெட்டியிருந்துச்சு. அதனால ஈஸியா சொல்ல மாட்டேன், கணக்கா சொல்றேன். மாடியில ஒரு ரூமைப் பூட்டி வச்சுட்டு மிச்ச வீட்டை வாடகைக்கு விட்டா வாடகையில ஒரு 1,500 குறையும், மூணு வருஷத்துக்கு 54,000. அந்த ரூமுக்குள்ள போறது எல்லாம் சேர்ந்து 54,000 பெறுமான்னு பாருங்க. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், சோபா பெறாது, மூணு வருஷம் ஓடாம நின்னா ஃபிரிட்ஜ் தானா செத்துடும், இப்பவே வித்துடுங்க. தேக்குக் கட்டில், கிரைண்டர், பாட்டி அண்டா மாதிரி மறுபடி வாங்க முடியாதது, வாங்கினாலும் அந்தத் தரத்துல கிடைக்காதது மட்டும் உள்ள போகட்டும். எவர்சில்வர் பாத்திரம் உங்ககிட்ட நூறாவது இருக்கும், வண்டிக்கு ஒரு குக்கர், ஒரு தோசைக்கல்லு, ரெண்டு சட்டி போதும். மேசை நாற்காலி, பாத்திரம், துணிமணி வித்த காசுக்கு வரி கிடையாது. நகை அப்படி இல்ல, பழைய நகையை வித்தா லாபத்துக்கு பன்னிரண்டரை பர்சன்ட் உண்டு, அதனால 45 பவுனை விக்கவும் வேண்டாம், வண்டில கொண்டு போகவும் வேண்டாம், லாக்கர்ல வைங்க, நாமினி பேர் போட்டு, லாக்கர் வாடகை உங்க அக்கவுண்ட்ல இருந்து தானா போற மாதிரி பண்ணிடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போயி திறந்துட்டு வாங்க, ஏழு வருஷம் யாரும் தொடாத லாக்கரை வாடகை கட்டியிருந்தாலும் பேங்க் உடைச்சுத் திறக்க ரூல் இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நாள் வாடகைக்கு கேரவன் எடுங்க, ஜூன் மழையில, கேரளாவுல வாகமன் பக்கம் போங்க, அங்க 2022ல கேரவன் பார்க்கே திறந்தாங்க, இப்பவும் ஓடுதான்னு மட்டும் கேட்டுக்கங்க. மழை கொட்டறப்ப பத்துக்கு ஆறு அடிக்குள்ள ரெண்டு பேரும் ஒரு ஈரத்துண்டும் எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும். டாய்லெட் கேசட்டை, அதாவது கழிவு சேர்ற பெட்டியை, யார் கொண்டு போயி கொட்டறதுங்கற பேச்சையும் அங்கயே முடிச்சுக்கங்க, அது உங்க வேலை இல்லைன்னு நான் சொன்னேன்னு சார்கிட்ட சொல்லுங்க.

கொலு பொம்மை மூணு டிரங்கும் பூட்டுன ரூம்ல வைக்காதீங்க, ஓதம் ஏறி பெயிண்ட் உரிஞ்சுடும். பெங்களூர்ல பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடுங்க. நவராத்திரிக்கு ரெண்டு வாரம் அங்க போயி நிக்கற மாதிரி ரூட்டைப் போட்டுக்கங்க, நான் போட்ட கணக்குல அந்த மாசம் டீசலும் குறைவு, ரூம் செலவும் இல்ல. அவங்க அபார்ட்மெண்ட் பேஸ்மென்ட்ல இந்த வண்டி உயரத்துக்கு நுழையாது, பார்க்கிங்குக்கு வெளிய ஒரு இடம் மட்டும் மருமகனை இப்பவே பார்த்து வைக்கச் சொல்லுங்க.