வார்டில் நோயாளி பாதுகாப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

22 ஆண்டுகளாக வார்டில் செவிலியராக இருக்கிறேன். மருந்துத் தவறு, தொற்று, நோயாளி விழுவது பற்றிக் கேளுங்கள்.

பயிற்சி செவிலியர்: சிஸ்டர், வார்டுக்குப் புதிதாக வருபவர் முதலில் பழக வேண்டியது எது?

பெயர் கேட்பது. "நீங்கள்தானே இன்னார்?" என்றால் காது மந்தமானவரும் தலையாட்டுவார், அரைத்தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் வந்ததைக் கைப்பட்டையோடு ஒத்துப் பாருங்கள். கட்டில் எண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

வார்டு உதவியாளர்: கையுறை போட்டால் கை கழுவ வேண்டுமா?

வேண்டும். போடும் முன்பும், கழற்றிய பின்பும். கழற்றும்போதே கையில் அழுக்கு ஒட்டிவிடும். 1847-ல் வியன்னாவில் பிரேதப் பரிசோதனை முடித்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்களை, செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது.

மருந்தாளுநர்: இன்சுலின் 10 மடங்கு போய்விடுகிறது என்கிறார்களே, எப்படி?

கையெழுத்தால். யூனிட் என்பதைச் சுருக்கி 'U' என்று ஒற்றை ஆங்கில எழுத்தாக எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். அதனால் 'யூனிட்' என்று முழுதாக எழுத வேண்டும். புள்ளியும் இப்படித்தான் ஏமாற்றும். 1.0 என்று எழுதினால் 10 என்று படிப்பார்கள். வெறும் 1 போதும். .5 என்றால் 5 ஆகும், 0.5 என்று எழுதுங்கள். அப்புறம், அடர் பொட்டாசியம் குளோரைடு. அந்தக் குப்பி பக்கத்திலிருக்கும் மற்ற குப்பிகளைப் போலவே இருக்கும். கலக்காமல் நேராக ரத்தக் குழாயில் போனால் இதயம் நின்றுவிடும். "கவனமாக எடு" என்று சொல்வதைவிட வார்டு அலமாரியிலிருந்தே அதை அகற்றுவதுதான் வழி.

ஒரு வாசகர்: மாமாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, என்ன மாத்திரை?

அவரை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள்.

நிர்வாகி: தவறு செய்தவரை வேலையை விட்டு அனுப்பினால்தானே மற்றவர்களுக்குப் பயம் வரும்?

பயம் வரும். அதோடு மறைக்கவும் பழகுவார்கள். நான் செய்த தவறையே சொல்கிறேன். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு பேர் கட்டில் மாற்றிக்கொண்டார்கள். கட்டிலில் தொங்கிய மருந்துச் சீட்டுகள் மாறவில்லை. "நீங்கள்தானே இன்னார்?" என்றேன், தலையாட்டினார். ரத்த அழுத்த மாத்திரை ஆள் மாறிப் போய்விட்டது. உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கத்துபவராக இருந்திருந்தால் அன்று வாயைத் திறந்திருப்பேனா, தெரியவில்லை.

நிர்வாகி: அப்படியென்றால் யாருக்கும் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. குடித்துவிட்டு வேலைக்கு வருவது, கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதுவது எல்லாம் தவறு அல்ல, குற்றம். அதற்கு நடவடிக்கை எடுங்கள். ஆனால் என்னை அனுப்பிவிட்டு வேறொருவரை வைத்திருந்தால், அதே சீட்டு அதே கட்டிலில்தான் தொங்கியிருக்கும்.

மருத்துவ மாணவர்: சானிடைசர் போதாதா? கை கழுவ வேண்டுமா?

பெரும்பாலும் போதும். ஆனால் கண்ணுக்கு அழுக்குத் தெரிந்தாலோ, நோயாளிக்கு கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு என்றாலோ சோப்பும் தண்ணீரும்தான். அந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலில் சாகாது.

உடனிருப்பவர்: அப்பா குழப்பத்தில் எழுந்துவிடுகிறார். கட்டிலின் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடலாமா?

குழம்பியவர் அதைத் தாண்டி ஏறுவார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலைத் தாழ்த்துங்கள். அவர் எழும்பும் முன்பே கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள்.

மருத்துவ மாணவர்: அறுவை சிகிச்சைக்கு முன் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியல் வெறும் சடங்குதானே?

உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலை 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. வாய்விட்டுப் படிக்காமல் டிக் அடித்தால் நீங்கள் சொல்வது போலச் சடங்குதான்.

நிர்வாகி: சரி, மாத்திரை ஆள் மாறிப் போன அந்த நோயாளிக்கு என்ன ஆனது?

ரத்த அழுத்தம் இறங்கியது. நான் சொல்லியிருந்ததால் டிரிப் தயாராக இருந்தது, தனியாக எழுந்திருக்கவும் விடவில்லை. விடியும் வரை அவர் பக்கத்திலேயே இருந்தேன். காலையில் மருத்துவரோடு போய் அவருடைய மகளிடம் நடந்ததைச் சொன்னேன்.