அறைப்புரைச் சாவி

வணக்கம். டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் படித்துவிட்டேன். காதிக் எனப்படும் இந்த வகைத் திகில் நாவல்களில் அதிகம் பேசப்படாத நல்லவை எவை? நண்பர்களிடம் கேட்டால், “அதெல்லாம் வெள்ளைக்காரன் பேய்க்கதை, நமக்கு நீலியும் இசக்கியும் போதும்” என்கிறார்கள்.
வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

நீலியைத் தெரிந்தவருக்குக் காதிக் நாவல் சீக்கிரம் பிடிபடும் என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். வில்லுப்பாட்டில் நீலி கதை எங்கே தொடங்குகிறது? நகையில். நகைக்காக ஒருத்தியைக் கள்ளிக்காட்டில் கொன்றுபோடுகிறான். மிச்சமெல்லாம் அந்தக் கடனை வசூலிக்கிற கதைதான். காதிக்கிலும் பேய் வருமோ வராதோ, சொத்து கட்டாயம் வரும். 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய முதல் காதிக் நாவலிலேயே, அரண்மனையை அபகரித்தவனின் பேரன்தான் ஆள்கிறான். கல்யாண மாப்பிள்ளை மேல் ராட்சதத் தலைக்கவசம் விழுந்து நசுக்குகிறது. இன்று படித்தால் சிரிப்பு வரும். அதை விட்டுவிடலாம்.

நான் முதலில் சொல்வது ஷெரிடன் லெ ஃபானுவின் ‘அங்கிள் சைலஸ்’ (1864). லெ ஃபானு டப்ளின்காரர். டிராகுலாவுக்குக் கால் நூற்றாண்டு முன்பே ‘கார்மில்லா’ என்ற பெண் ரத்தக்காட்டேரியை எழுதியவர். இந்த நாவலில் பேயே கிடையாது. அப்பா இறந்ததும் மாட் என்ற பெண், அதுவரை பார்த்தேயிராத சித்தப்பாவின் பொறுப்பில் விடப்படுகிறாள். உரிய வயது வருமுன் அவள் இறந்தால் சொத்து சித்தப்பாவுக்கு. அவர் வீட்டில் முன்பே ஒருவன் பூட்டிய அறைக்குள் கழுத்தறுபட்டுக் கிடந்திருக்கிறான். சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்து போகும் வழக்கத்தைக் கேலிசெய்யும் கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ படித்துச் சிரித்திருப்பீர்கள். அதே சங்கதியை விளக்கணைத்துவிட்டுப் படிப்பது போலிருக்கும் இது.

திருவட்டார் பக்கம் பாட்டி வீட்டில், ஓர் ஆனி மாத மழையில் இதைப் படித்தேன். அறைப்புரை என்கிற சாமான் அறையின் சாவி எப்போதும் பாட்டியின் இடுப்பில்தான். உள்ளே ஒரு நெல் பத்தாயமும் இரண்டு உருளியும் தவிர ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பாட்டியின் தம்பி வந்தால் பேச்சு நடுவில் அவர் கண் அந்தச் சாவிக்குப் போய்விட்டு வரும். நாவலின் தொடக்கத்தில் மாடின் அப்பா அவளிடம் ஒரு அலமாரிச் சாவியைக் காட்டுவார். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாட்டி எங்கே இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன்.

அடுத்து சார்லஸ் மட்டூரின் எழுதிய ‘மெல்மோத் த வாண்டரர்’ (1820). ஆன்மாவை விற்று 150 வருடம் கூடுதல் ஆயுள் வாங்கியவன், அந்தப் பேரத்தைத் தலையில் கட்ட ஆள் தேடி அலைகிறான். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொன்று. நடுவில் ஹூக்ளி முகத்துவாரத்துக்கு அருகே ஒரு தீவு வரும். அந்த இந்தியாவை மட்டூரின் கனவில்தான் பார்த்திருக்க வேண்டும். பொறுமை இருந்தால் படியுங்கள். சிறையிலிருந்து வந்தபின் ஆஸ்கார் வைல்ட் தனக்கு வைத்துக்கொண்ட பெயரில் இந்த மெல்மோத் இருக்கிறான்.

அப்புறம், எனக்கு மிகப் பிடித்தது: ஜேம்ஸ் ஹாக் 1824இல் பெயர் போடாமல் வெளியிட்ட, ‘பிரைவேட் மெமாயர்ஸ்’ என்று தொடங்கும் நீளப் பெயர்கொண்ட நாவல். ஹாக் ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்தவர். கடவுள் தன்னை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார், இனி எந்தப் பாவமும் ஒட்டாது என்று நம்புகிறான் ஒருவன். அந்த நம்பிக்கையை ஊதிப் பெருக்க ஒரு விசித்திர நண்பன் வந்து சேர்கிறான். ஒரே கதை இரண்டு முறை சொல்லப்படும், இரண்டும் ஒட்டாது. எடின்பரோவில் ஆர்தர்ஸ் சீட் குன்றின் மேல், காலைப் பனியில் அண்ணன் முன்னே தம்பியின் பேருருவம் எழுகிறது. அலறித் திரும்பினால் நிஜத் தம்பி முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். பக்தி முற்றினால் என்னவாகும் என்பதை இவ்வளவு குளிர எழுதியவர்கள் குறைவு.

மூன்றும் பழைய புத்தகங்களைத் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஹாக்கின் கடைசிப் பக்கங்களில் ஒரு கல்லறையைத் தோண்டுவார்கள். அதை மட்டும் உதயகிரிக் கோட்டையில் உட்கார்ந்து படியுங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை, கூரையில்லாத தேவாலயத்துக்குள் லத்தீனும் தமிழும் பொறித்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம்.