திருடர் பேச்சு காதில் விழட்டும்

கேள்வி: கற்பனை நகரம் ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். மதில் சூழ்ந்த துறைமுக நகரம், அதில் திருடர்களுக்கென்று ஒரு சங்கம். அவர்கள் பேசுவதற்காக முந்நூறு சொற்களை உருவாக்கி, அகராதியாகப் பின்னால் சேர்த்திருக்கிறேன். கூரைமேல் நின்று பேசிக்கொள்ள நாற்பது கைச்சைகைகளும் உண்டு. படித்த நண்பர்கள், அகராதியைப் புரட்டிப் புரட்டியே கதை விட்டுப்போகிறது என்கிறார்கள். 'இப்படி விநோதமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குச் சந்தேகம் வராதா?' என்றும் கேட்கிறார்கள். சொற்களைக் குறைப்பதா, விளக்கத்தைக் கூட்டுவதா?

பதில்: உங்கள் நண்பர்கள் கேட்ட அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு நீங்கள் அனுப்பிய பக்கத்தில், இரண்டு திருடர்கள் மதுக்கடையில் உட்கார்ந்து 'ழாக் திறந்தாச்சு, த்ரோன் போயாச்சு' என்கிறார்கள். கதவு திறந்துவிட்டது, காவலன் போய்விட்டான் என்று பொருள். அந்தக் கடையில் நான் உட்கார்ந்திருந்தால் முதல் சொல்லிலேயே திரும்பிப் பார்த்திருப்பேன். காவலனும் பார்த்திருப்பான். யாருக்கும் புரியாத சொல் ரகசியத்தைக் காப்பதில்லை, இங்கே ஒரு ரகசியம் இருக்கிறது என்று ஊருக்கே சொல்லிவிடுகிறது.

குழூஉக்குறிக்கு இலக்கணம் காட்டும் உதாரணங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். 'பறி' என்ற சொல் அடுத்தவர் காதில் விழுந்தால் அவருக்குப் பூப்பறிப்பது நினைவுக்கு வரும், மீன்பறி நினைவுக்கு வரும், பொன் வராது. சொல்விளம்பி இன்னும் அழகு. உள்ளே போனதும் மனதில் இருப்பதையெல்லாம் சொல்லவைத்துவிடுவதால் வந்த பெயர் என்றே நான் புரிந்துகொள்கிறேன். பெயரிலேயே ஒரு சின்னக் கதை இருக்கிறது. எல்லாம் ஏற்கெனவே ஊரில் புழங்கும் ஒலிகள், பழகிய வேர்கள்.

1455இல், இன்றைய பிரான்சில் உள்ள திஜோன் நகரில் ஒரு திருட்டுக் கும்பல் மீது வழக்கு நடந்தது. விசாரித்தவர்கள் அந்தக் கும்பலின் சொற்களைப் பொருளோடு எழுதிவைத்தார்கள். பணப்பையை அறுப்பவனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர், திராட்சை அறுவடை செய்பவன். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் இருக்கிற ஊரில் அந்தச் சொல்லை யார் சந்தேகிப்பார்கள்? இதோடு நம் 'முடிச்சவிழ்க்கி'யை ஒப்பிட்டுப் பாருங்கள். அது பறிகொடுத்தவர் வைத்த பெயர், வசவும் அதில் சேர்ந்தே இருக்கிறது. திருடன் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டான். தன் வேலையைத் தொழில் என்று நினைப்பவன் அதற்கு ஒரு தொழிலின் பெயரைத்தான் வைப்பான். உங்கள் அகராதியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் இந்தக் கேள்வியோடு ஒருமுறை சோதியுங்கள்: இது உள்ளே இருப்பவன் வைத்த பெயரா, வெளியே நிற்பவன் வைத்ததா?

உங்களுடையது துறைமுகம். வலை, அலை, நங்கூரம், பாய்மரம், சுங்கம் என்று அந்த ஊரே பேசும் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. ரோந்து வருவது 'அலை ஏறுவது' ஆகலாம். திருடிய பொருளைக் கைமாற்றுவது 'பாரம் இறக்குவது' ஆகலாம். வேறு மொழி பேசுகிறவர்கள் வந்து தங்கிய தெரு இருந்தால் அங்கிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் நாடோடிகளும் திருடர்களும் பேசிய ரோட்வெல்ஷ், எபிரேயச் சொற்களையும் ரோமானிச் சொற்களையும் நிறையவே வாங்கிக்கொண்டது.

பொதுவிடத்தில் பேசுவதற்கு இது போதும். தங்கள் இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது அவர்களுக்கு இன்னொரு பேச்சு இருக்கலாம், அங்கே நீங்கள் தாராளமாக விளையாடலாம். 1560களில் இங்கிலாந்தின் ஊர்சுற்றித் திருடர்களின் சொற்கள் அச்சேறின. அவற்றில் 'பொருள்' என்று அர்த்தப்படும் ஒரே ஒரு சொல்லை வைத்து வரிசையாகப் பெயர்கள் கட்டியிருக்கிறார்கள். மூக்கு 'முகரும் பொருள்', நாக்கு 'பிதற்றும் பொருள்', பன்றி 'உறுமும் பொருள்', கோழி 'கொக்கரிக்கும் பொருள்'. முதல் இரண்டுக்கு விளக்கம் கிடைத்துவிட்டால் மூன்றாவதை வாசகரே பிடித்துவிடுவார். அப்படிப் பிடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எந்த அகராதியும் கொடுக்காது. தமிழில் இதற்கு ஒரு 'இ' விகுதியே போதும். கதவு 'முனகி', விளக்கு 'சிமிட்டி', எப்போதும் இருமிக்கொண்டே சுற்றும் கிழக் காவலர் 'இருமி'. 'முனகிக்கு எண்ணெய் விட்டியா?' என்று ஒருத்தி கேட்டால் யாருக்கு அடிக்குறிப்பு வேண்டும்?

இதற்குமேல் ஒரு விஷயம் உங்கள் பக்கங்களில் இல்லவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. உங்கள் திருடர் மொழிக்கு வயதே ஆகவில்லை. சங்கம் தோன்றிய நாள்முதல் அதே முந்நூறு சொற்கள். ரகசியச் சொல் கசியும். சிறையை 'மாமியார் வீடு' என்று இன்று சொல்லாதவர் யார்? அதில் மறைவு எதுவும் மிச்சமில்லை. 19ஆம் நூற்றாண்டு லண்டன் தெரு வியாபாரிகள் சொற்களைத் தலைகீழாகத் திருப்பிப் பேசினார்கள். 'போலீஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்து, அதுவும் வாய்க்கு வாய் தேய்ந்து, கடைசியில் 'ஸ்லாப்' என்று நின்றது. காவலர் காதுக்கு ஒரு சொல் பழகிவிட்டால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படியானால் உங்கள் நகரத்திலும் கிழவர்கள் ஒரு மாதிரியும் பொடியன்கள் ஒரு மாதிரியும் பேசுவார்கள். ஆறு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன், செத்துப்போன ஒரு சொல்லைச் சந்தையில் சொல்லிவிடுகிறான். பக்கத்தில் நின்ற சிறுமிக்கு முகம் வெளுத்துப்போகிறது. இந்த ஒரு காட்சிக்காக உங்கள் அகராதியில் பாதியைக் கொடுத்துவிடலாம்.

சைகைகளுக்கு வருவோம். நாற்பது மிக அதிகம். இருட்டில், கூரைமேல், ஒரு கையால் ஓட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் விரலால் வாக்கியம் அமைக்க முடியாது. இடைக்காலப் பிரான்சில், மௌன விரதம் பூண்ட க்ளூனி மடத்துக் கிறிஸ்தவத் துறவிகளிடம் சைகைப் பட்டியலே இருந்தது. மீன் வேண்டுமென்றால் கையை மீன்வாலைப்போல அசைப்பார்கள். பார்த்தவுடன் புரியும், துறவிக்கு அது வசதி. பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத் திடல்களில் பந்தய விகிதங்களைக் கைச்சைகையால் அனுப்பியவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார்கள், தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே. உங்கள் திருடனுக்கு இந்த இரண்டுமே ஆபத்து. அவன் சைகை ஒரே ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான் சைகையாகத் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு அது மூக்கைச் சொறிவது, செருப்பில் புகுந்த கல்லை உதறுவது, அவ்வளவுதான். 1836இல் வெளியான ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமனின் பதிவுகளில், வழிப்பறிக் கொலைகாரர்கள் தாக்குவதற்குத் தந்த அடையாளம் 'புகையிலை கொண்டு வா' என்பதைப் போன்ற சாதாரணப் பேச்சு. படிக்கும்போது முதுகு சில்லிடுவது அந்தச் சாதாரணத்தால்தான்.

வேலை நடக்கும்போது ஐந்து சேதிகளுக்குமேல் தேவைப்படாது: தொடங்கு, பொறு, கைமாற்று, கைவிடு, ஓடு. கூடவே 'பார்த்துவிட்டேன்' என்ற பதில். இந்தப் பதிலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கூடைக்காரி கூடையை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றினால் 'தொடங்கு' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் எதுவுமறியாத வேறொருத்தி கை வலித்துக் கூடையைத் தலைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? பதில் சைகை இருந்தால் பிழைப்பார்கள், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வார்கள். எப்போதும் கேட்கும் ஒரு சத்தம் நின்றுபோவதும் நல்ல அடையாளம். மூலையில் பாடிக்கொண்டே இருக்கும் பிச்சைக்காரர் பாட்டை நிறுத்தினால், அந்தத் தெருவில் மூன்று பேர் வேலையை அப்படியே விட்டுவிட்டு நடப்பார்கள்.

பயிற்சிக் காட்சி வேண்டும் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1585இல் லண்டன் நீதி அதிகாரி ஃப்ளீட்வுட் எழுதிய கடிதத்தில், முன்பு மதுக்கடையாக இருந்த ஒரு வீட்டில் நடந்த திருட்டுப் பள்ளியைப் பற்றிச் சொல்கிறார். சில்லுகள் போட்ட ஒரு பை, வெள்ளிக்காசு போட்ட ஒரு பணப்பை, இரண்டையும் தொங்கவிட்டு, வல்லூறுகளின் காலில் கட்டுகிற சின்னஞ்சிறு மணிகளைச் சுற்றிலும் கட்டியிருந்தார்கள். மணி ஒலிக்காமல் எடுப்பவனுக்குப் பட்டம். அவரவர் திறமைக்கேற்பப் பட்டமும் வேறு. நீங்கள் வேறு கருவி கண்டுபிடியுங்கள், ஆனால் தப்பு செய்தால் உடனே காதில் கேட்கிற ஒன்றாக இருக்கட்டும்.

முந்நூறில் இருபத்தைந்து சொற்கள் கதையில் வந்தால் போதும். மற்றவை உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கட்டும், அவற்றை உருவாக்கிய உழைப்பு வீணில்லை, அந்த நகரத்தை உங்களுக்குப் பழக்கிவைத்தது அதுதான். பின்னால் இருக்கும் அகராதியை எடுத்துவிடுங்கள். மதுக்கடைக் காட்சியை இப்படி ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒருவன், 'அலை ஏறுது, வலையை எடுத்துடலாமா?' என்கிறான். மற்றவன் ஒன்றும் பேசாமல் கடைசி மிடறைக் குடித்துக் குவளையைக் கவிழ்த்து வைக்கிறான். கடைக்காரர் காதில் அது மீனவர் பேச்சு. அவர் வந்து குவளையை எடுத்து, மேசையைத் துடைத்துவிட்டுப் போகட்டும்.