ஐந்து நாளுக்கு எந்தத் தீவு?

கேள்வி: ஆகஸ்ட் நடுவில் எனக்கும் கணவருக்கும் ஐந்து நாள் விடுப்பு கிடைக்கிறது. பூக்கெட், பாலி, மாலத்தீவு மூன்றில் எதற்குப் போகலாம்? இயற்கைக் காட்சிகள்தான் எங்களுக்கு முக்கியம். முடிந்தால் இரண்டு தீவுகளைப் பார்த்துவிட ஆசை.

பதில்: இரண்டாவது தீவை இப்போதே விட்டுவிடுங்கள். போகவர ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் நிற்பது மூன்று நாள். அறையைக் காலி செய்வது, துறைக்குப் போவது, படகுக்குக் காத்திருப்பது என்று அதிலும் ஒரு நாள் கரைந்துவிடும்.

ஆகஸ்டில் தாய்லாந்தின் பூக்கெட் வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் மேற்குக் கரையில் நேராக மோதுகிறது. பேர்பெற்ற கடற்கரைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. சிவப்புக் கொடி பறக்கும் நாளில் ஆளை ஆழத்துக்கு இழுக்கும் நீரோட்டம் இருக்கும், காலை நனைக்கக்கூட இறங்கக் கூடாது. அருகிலுள்ள சிமிலன் தீவுகளும் மாயா விரிகுடாவும் அப்போது மூடியிருக்கும்.

மாலத்தீவுக்கும் அது மழைக்காலமே. அதோடு, தொலைவான தீவுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கின்றன. மாலையில் தரையிறங்கினால் முதல் இரவு தலைநகரிலேயே கழியும்.

கடலில் நீந்துவதுதான் ஆசை என்றால் தாய்லாந்தின் கிழக்குப் பக்கமுள்ள கோ சாமுயைச் சொல்லியிருப்பேன். அங்கே பெருமழை அக்டோபருக்குப் பிறகுதான் வரும். தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் சூரத் தானி வரை மலிவான விமான டிக்கெட் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அங்கிருந்து பஸ், பிறகு படகு என்று அரை நாள் போய்விடும். தீவிலேயே விமான நிலையம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்டிருப்பது இயற்கைக் காட்சி. அதனால் என் தேர்வு பாலி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம், மழைத் தொல்லை குறைவு. தெற்குக் கடற்கரை நெரிசலுக்குள் தங்காமல் கிழக்கே சிடெமென் பள்ளத்தாக்கில் அறை எடுங்கள். விடிந்ததும் எழுந்து வெளியே வாருங்கள். வானம் தெளிந்திருந்தால், அடுக்கு வயல்களுக்கு மேலே மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங் எரிமலை முழுதாகத் தெரியும். வெயில் ஏற ஏற மேகம் அதை மூடிவிடும். காலைத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க முடியாதவர்களுக்கு அந்தக் காட்சி பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

ஒரு நாளை மேற்கே ஜதிலுவிஹ் வயல்களுக்கு ஒதுக்குங்கள். வெகுதூரம்தான், அதிகாலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பலாம். உழவர்கள் கூடிப் பேசி, கால்வாய் நீரைப் பங்கிட்டுப் பயிர் செய்யும் சுபக் முறைக்காக 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நிலப்பரப்பின் ஒரு பகுதி அது. எல்லா வயலும் ஒரே பச்சையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பக்கம் நாற்று, மறுபக்கம் அறுவடை என்றும் இருக்கலாம். எனக்கு அப்படிப் பார்ப்பதுதான் அதிகம் பிடிக்கும். பக்கத்துத் தீவான நுசா பெனிடாவுக்குப் படகு ஏறச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலி இருப்பது இந்தோனேசியாவில். பாஸ்போர்ட் அங்கே இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பாலியில் தொலைவை கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், நேரத்தில் கணக்கிடுங்கள். சாலைகள் குறுகலானவை. ஆகஸ்ட் 17 அந்த நாட்டின் சுதந்திர தினம். அதையொட்டி அணிவகுப்புகளுக்காகச் சாலைகளை மறிப்பதுண்டு. திரும்பும் விமானம் காலையில் என்றால் முந்தைய மாலையே விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சனூர் பக்கம் வந்து தங்கிவிடுங்கள்.