மானிப்பாயில் போட்ட வாக்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது?

கேள்வி: ஐயா, நாங்கள் மானிப்பாய். 2024 நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் நான் கட்சிச் சின்னத்துக்கு நேரே மட்டும் புள்ளடி போட்டேன், விருப்பு இலக்கங்களைத் தொடவில்லை. என் கணவர் "எனக்குக் கட்சி வேண்டாம், ஆள்தான் முக்கியம்" என்று, கீழே இருந்த இலக்கம் ஒன்றுக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு வந்தார். இரண்டு வாக்கும் எண்ணப்பட்டிருக்குமா? நான்கில் ஒரு பங்கு வாக்கு எடுத்த கட்சிக்கு ஆறில் மூன்று ஆசனம் எப்படிக் கிடைத்தது? மகளுக்கு இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. "மானிப்பாய்க்கு எம்.பி. யார் அம்மா?" என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: உங்கள் வாக்கு எண்ணப்பட்டது, அம்மா. உங்கள் கணவரின் வாக்கு நிராகரிக்கப்பட்டிருக்கும்.

ஏன் என்று புரிய, அந்த வாக்குச்சீட்டை ஒருமுறை மனத்துக்குள் விரித்துப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கட்சிகளின் பெயர்கள், சுயேச்சைக் குழுக்கள், பக்கத்தில் சின்னம், அதற்கு நேரே வெறுமையான கட்டம். யாழ்ப்பாணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்டதால் சீட்டும் நீண்டு போயிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே 1 முதல் 9 வரை இலக்கங்கள். வேட்பாளரின் பெயர் சீட்டில் எங்கேயும் இல்லை. ஒரு மாவட்டத்தின் ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டினால் வருவதே ஒரு பட்டியலில் இருக்க வேண்டிய வேட்பாளர் தொகை. யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம், ஆகவே ஒன்பது பேர். உங்கள் கணவர் புள்ளடி போட்ட இலக்கம் 3 என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 ஒருவருக்கு மட்டும் உரிய இலக்கம் அல்ல. நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்களில் ஒவ்வொன்றிலும் 3ஆம் இலக்கக்காரர் ஒருவர் இருக்கிறார். மேலே கட்சிக்குப் புள்ளடி விழுந்தால்தான் கீழே உள்ள 3 யாருடையது என்று தெரியும். அது இல்லாத சீட்டை எடுத்துப் பார்க்கிற அலுவலருக்கு உங்கள் கணவர் மனதில் இருந்த ஆள் யாரென்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆளைப் பார்த்துப் போடுகிறவருக்கும் கட்சிக் கட்டம்தான் முதல் வாசல்.

மறுபக்கம், நீங்கள் செய்தது முழுக்கச் செல்லும். விருப்பு வாக்கு இடுவது உரிமை, கட்டாயம் அல்ல. ஒன்று போடலாம், இரண்டு போடலாம், அதிகபட்சம் மூன்று. மூன்றுக்கு மேல் போனால் கட்சிக்கான வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் மட்டும் கணக்கில் எடுக்கப்படா. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி போட்டால் முழுச் சீட்டும் போய்விடும்.

இதை நான் இவ்வளவு நேரம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகள் 358,079. அவற்றில் நிராகரிக்கப்பட்டவை 32,767. நூற்றுக்கு ஒன்பது. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986 வாக்குகளோடு ஓர் ஆசனம் பெற்றது. அதைவிடக் கூடுதலான வாக்குகள் செல்லாதவையாகிக் குவிந்தன. வேலையை விட்டு, வெயிலில் வந்து, விரலில் மை பூசிக்கொண்டு போனவர்களின் வாக்குகள் அவை. எனக்கு இது உண்மையில் வலிக்கிற விடயம். மக்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், அதில் 1, 2, 3 என்று எண் இட்டு விருப்பத்தைக் காட்டலாம். நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், அதில் கட்சிக்குப் புள்ளடி, இலக்கங்களுக்கும் புள்ளடி. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல், அதில் ஒரேயொரு புள்ளடி. எட்டு மாதத்துக்குள் ஒரே கைக்கு மூன்று விதமான சீட்டு.

மகளின் கேள்விக்கு வருகிறேன். மானிப்பாய்க்கென்று ஓர் எம்.பி. இப்போது இல்லை. முன்பு இருந்தார். 1977 தேர்தல்வரை ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை நடந்தது, அந்தத் தேர்தலில் மானிப்பாயில் வென்றவர் வி. தர்மலிங்கம். 1978 அரசியலமைப்பு அந்த முறையை எடுத்துவிட்டு, விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை, அதாவது கட்சிகள் எடுத்த வாக்கு விகிதப்படி ஆசனங்களைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன்படி முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது 1989இல். ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய பதினொரு தொகுதிகளும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம் ஆயின. நிர்வாகத்தில் கிளிநொச்சி தனி மாவட்டம், தேர்தலில் அது யாழ்ப்பாணத்தோடுதான். தேர்தல் இரவில் "மானிப்பாய்த் தொகுதி முடிவு" என்று வானொலியில் வாசிக்கிறார்களே, அது எண்ணிக்கைக்கான பிரிவு மட்டும். மானிப்பாயில் முதலிடம் வந்த கட்சிக்கு அதனால் தனி ஆசனம் எதுவும் கிடைக்காது. பதினொரு பிரிவின் வாக்கும், தபால் வாக்கும் ஒன்றாகக் கூட்டப்பட்ட பிறகே கணக்கு தொடங்கும். ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: ஆறு பேரும் உனக்கு எம்.பி.தான், ஆறு பேரிடமும் நீ கடிதம் கொடுக்கலாம்.

இனி, நான்கில் ஒரு பங்கு எப்படிப் பாதியானது என்ற கேள்வி. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரணக் கூட்டல் கழித்தல்தான்.

செல்லுபடியான வாக்குகள் 325,312. இதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 வீதம்கூட எடுக்காத பட்டியல்கள் முதலில் விலக்கப்படும். எஞ்சியவை ஆறு. தேசிய மக்கள் சக்தி 80,830. இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327. தமிழ்க் காங்கிரஸ் 27,986. சுயேச்சைக் குழு 17க்கு 27,855. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. இவற்றின் கூட்டுத்தொகை 240,241.

அடுத்தது போனஸ் ஆசனம். மாவட்டத்தில் முதலிடம் வந்த பட்டியலுக்கு ஓர் ஆசனம், வேறு எந்தக் கணக்கும் பார்க்காமல் கொடுக்கப்படும். அது தேசிய மக்கள் சக்திக்குப் போனது. மிச்சம் ஐந்து ஆசனம். 240,241ஐ ஐந்தால் வகுத்தால், மேல் முழு எண்ணுக்கு உயர்த்தி, 48,049. இந்தத் தொகை முழுதாக எத்தனை தடவை இருக்கிறதோ அத்தனை ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு ஒரு தடவை, மீதி 32,781. தமிழரசுக் கட்சிக்கும் ஒரு தடவை, மீதி 15,278. மற்ற நான்கு பட்டியலும் அந்தத் தொகையை எட்டவில்லை, அவர்கள் எடுத்த வாக்கு முழுவதுமே அவர்களின் மீதி. இன்னும் மூன்று ஆசனம் இருக்கின்றன, அவை பெரிய மீதி உள்ளவர்களுக்கு. 32,781 முதலாவது, 27,986 இரண்டாவது, 27,855 மூன்றாவது. அவ்வளவுதான். தேசிய மக்கள் சக்திக்கு போனஸால் ஒன்று, முழு எண்ணிக்கையால் ஒன்று, மீதியால் ஒன்று, ஆக மூன்று. மற்ற மூன்று பட்டியல்களுக்கு ஒவ்வொன்று.

அந்த போனஸ் இல்லாமல் அதே வாக்குகளை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 40,041. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு முழுதாக, மீதி வெறும் 748. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று முழுதாக, மீதி 23,286. அந்த மீதி ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் 22,513ஐவிட அதிகம், ஆகவே கடைசி ஆசனம் தமிழரசுக்கு. முடிவு 2, 2, 1, 1 என்று வந்திருக்கும். அந்த ஓர் ஆசனத்தை இடம் மாற்றியது போனஸ் விதி. எந்தக் கட்சி முதலிடம் வந்தாலும் விதி அதற்கு இதே சலுகையைத்தான் செய்யும், முன்பு தமிழ்க் கட்சிகளும் இந்த மாவட்டத்தில் அந்தப் பலனைப் பெற்றிருக்கின்றன. என் கவலை வேறு. கம்பஹாவுக்கு 19 ஆசனம், கொழும்புக்கு 18. அங்கே போனஸ் ஒன்று என்பது சிறு துண்டு. ஆறு ஆசனமுள்ள மாவட்டத்தில் அது ஆறில் ஒன்று. ஆசனம் குறையக் குறைய விகிதாசாரம் என்ற சொல்லுக்குப் பொருளும் குறைகிறது.

ஆசனம் குறைந்துதான் வருகிறது. 2010இல் யாழ்ப்பாணத்துக்கு ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. 225 உறுப்பினரில் 29 பேர் தேசியப்பட்டியல், அதாவது கட்சிகள் நாடு முழுவதும் எடுத்த வாக்குப்படி வருகிறவர்கள். மீதி 196இல் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு என்று ஒதுக்கப்பட்டவை. 160 ஆசனங்கள் பதிவு செய்த வாக்காளர் தொகைப்படி 22 மாவட்டங்களுக்குப் பிரிகின்றன. 2010இல் யாழ்ப்பாண இடாப்பில் 721,359 பேர் இருந்தார்கள். போர்க்காலத்தில் ஊரை விட்டும் நாட்டை விட்டும் போனவர்களின் பெயர்கள் பிறகு கழிக்கப்பட்டு, 2015இல் அது 529,239 ஆயிற்று. 2024இல் 593,187. பக்கத்து வன்னி மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் வாக்காளர்தான், ஆனாலும் அங்கேயும் ஆறு ஆசனம். வட மாகாணத்துக்கான நான்கில் பெரும்பகுதி மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த அந்தப் பரந்த நிலப்பரப்புக்குப் போவதே காரணம்.

5 வீத எல்லையைப் பற்றியும் ஒரு சொல். 1978இல் அது எட்டில் ஒரு பங்காக, 12.5 வீதமாக இருந்தது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் வலியுறுத்தியதால் 1988இல் 5 வீதமாகக் குறைந்தது. பழைய எல்லை இருந்திருந்தால் 2024இல் யாழ்ப்பாணத்தில் இரண்டு பட்டியல்கள் மட்டுமே கணக்கில் நின்றிருக்கும், ஆசனங்கள் நான்கும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும். ஆனால் 5 வீதம் தாண்டினால் ஆசனம் உண்டு என்று நம்பிவிடவும் கூடாது. ஆறு ஆசன மாவட்டத்தில் உண்மையான எல்லை அதைவிட மேலே. 6.9 வீதம் எடுத்த கூட்டணிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, 8.56 வீதம் எடுத்த சுயேச்சைக் குழுவுக்குக் கிடைத்தது.

ஆசனம் பெற்ற நான்கு பட்டியல்களும் எடுத்த வாக்குகளைக் கூட்டினால் 199,998. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 56 பேர். மற்ற ஒரு இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் பேருக்கு அந்த ஆறு பேரில் தாம் போட்ட பட்டியலைச் சேர்ந்தவர் யாருமில்லை. நாடு முழுவதும் போட்டியிடும் கட்சியென்றால் அந்த வாக்கு தேசியப்பட்டியல் கணக்கிலாவது சேரும். இந்த மாவட்டத்தில் மட்டும் நிற்கும் சிறு குழுவென்றால் அந்த வழியும் அநேகமாக இல்லை. சிறு குழுவுக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது அவரவர் மனச்சாட்சி. தெரிந்துகொண்டு போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

விருப்பு வாக்கு இதில் எங்கே வருகிறது? கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று முடிவான பிறகு. அந்த ஆசனத்தில் யார் இருப்பது என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். அதனால்தான் தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனம் என்று முடிவானபோது சி. சிறீதரன் உள்ளே போனார், எம்.ஏ. சுமந்திரன் வெளியே நின்றார். ஒரு வேட்பாளரின் உண்மையான போட்டி பெரும்பாலும் தன் பட்டியலில் இருக்கும் மற்ற எட்டுப் பேரோடுதான். நீங்கள் இலக்கங்களை வெறுமையாக விட்டபோது, உங்கள் கட்சிக்குள் யாரை அனுப்புவது என்ற தீர்மானத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டீர்கள். குற்றமில்லை, ஆனால் அடுத்த முறை அந்த உரிமையையும் பயன்படுத்துங்கள். ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது, அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் அந்த இடத்துக்கு வருவார். உங்கள் இரண்டாவது, மூன்றாவது புள்ளடிகளுக்கு ஐந்து ஆண்டுக்கும் வேலை இருக்கலாம்.

மகளுக்கு முதலில் செய்ய வேண்டியது, வாக்காளர் இடாப்பில் அவள் பெயர் ஏறிவிட்டதா என்று உங்கள் கிராம அலுவலரிடம் கேட்பது. பிறகு வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் சீட்டு மாதிரி ஒன்றைக் கீறிக் கொடுங்கள்: மேலே நான்கைந்து சின்னங்கள், கீழே ஒன்பது இலக்கங்கள். முதலில் ஒரு சின்னம், பிறகு கூடியது மூன்று இலக்கம், எல்லாவற்றுக்கும் புள்ளடி. அவள் போட்டு முடித்ததும் இன்னொரு தாளை உங்கள் கணவரிடமும் கொடுங்கள்.