ஒரே மடிகணினியில் இரண்டு வைஃபை அன்ரெனாக்களை மாற்றிப் பயன்படுத்துவது எப்படி?

கிளிநொச்சியில் உள்ள வீட்டுக்குள் மடிகணினியின் உள் வைஃபையையும், வளவின் பின்கோடிக் கொட்டிலில் யூஎஸ்பியில் செருகும் நீண்ட அன்ரெனாவையும் மாறிமாறிப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் விண்டோஸைப் பொறுத்தவரை அவை தனித்தனி ஐபி முகவரி (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கொண்ட இரண்டு அடாப்டர்கள், அதாவது வலையமைப்புடன் இணைக்கும் இரண்டு கருவிகள். (ஒரே வைஃபை அட்டையில் பல அன்ரெனாக்கள் இருந்தால், அவற்றைக் கையாளும் வேலையை அதன் சில்லே பார்த்துக்கொள்ளும்.)

இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால், மெற்றிக் எனப்படும் எண் எதற்குக் குறைவோ அதன் வழியாகவே இணையப் போக்குவரத்துச் செல்லும். விண்டோஸ் இந்த எண்ணை இணைப்பு வேகத்தை வைத்துத் தானாகவே இடுவதால், அது நீங்கள் விரும்பும் அடாப்டரைத் தெரிவுசெய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு அடாப்டரின் ஐபிவி4 (இணைய நெறிமுறையின் 4ஆம் பதிப்பு) பண்புகளிலும் மேம்பட்ட பகுதிக்குச் சென்று, தானியங்கித் தெரிவை நீக்கி, யூஎஸ்பிக்கு 10 என்றும் உள் அட்டைக்கு 50 என்றும் இட்டால், செருகியிருக்கும்போது யூஎஸ்பி முந்தும். கழற்றினால் மற்றது பொறுப்பேற்கும். அந்தக் கணத்தில் முகவரியும் மாறுவதால், நடந்துகொண்டிருக்கும் காணொளி அழைப்பு அறுந்துபோகலாம். இரண்டும் சேர்ந்து வேகத்தை இரட்டிப்பாக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இத்தனை சிரமம் எதற்கு என்று நினைத்தால், தேவையற்ற அடாப்டரை முடக்கிவிடுவதே என் தெரிவு. மாரியில் நனைந்த மர இலைகள் அலையை உறிஞ்சும் என்பதால், 5 மீற்றருக்கு மேற்படாத யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் அன்ரெனாவைக் கொட்டிலின் கூரையோரம் உயர்த்தி வையுங்கள்.